அளவுகோலும் மனிதரும்: நுண்ணறிவுச் சோதனைகளை எவ்வளவு நம்பலாம்?

(அண்ணல் அம்பேத்கர் நினைவு நாள் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அண்ணலின் நினைவு நாளில் உளவியல் சோதனைகளைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். இடஒதுக்கீடு பற்றி எங்கே விவாதம் நடந்தாலும் சிறிது நேரத்தில் ‘தகுதி’ என்ற சொல் வந்துவிடுகிறது. முன்பு பிறப்பைக் காட்டி நம்மை ஒதுக்கினார்கள். இன்று, “நாங்கள் சாதி பார்ப்பதில்லை, மதிப்பெண் பார்க்கிறோம். அறிவை அறிவியல் அளந்து சொல்கிறது” என்கிறார்கள். இந்தப் பேச்சுக்குப் பின்னால் நூறாண்டுக்கும் மேலான ஒரு வரலாறு உண்டு. அதன் நடுவில் இருப்பது ஐ.க்யூ. எனப்படும் நுண்ணறிவு ஈவு. அதை நாம் கேள்விப்பட்ட அளவுக்குப் புரிந்துகொள்ளவில்லை. புரியாத ஒன்றை எதிர்க்கவும் முடியாது, பயன்படுத்தவும் முடியாது.

அண்ணல் 1936இல் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ நூலில், ஒரு மனிதரின் ஆற்றல் மூன்றைப் பொறுத்தது என்கிறார். ஒன்று, உடல்வழி வரும் மரபு. இரண்டு, சமூகவழி வரும் சொத்து: பெற்றோரின் கவனிப்பு, கல்வி, தலைமுறைகளாகச் சேர்ந்த அறிவு. மூன்று, அவரவர் முயற்சி. முயற்சியை வைத்து மனிதரை வேறுபடுத்துவதை ஒருவேளை ஏற்கலாம். முதல் இரண்டையும் சேர்த்து வேறுபடுத்தினால் நல்ல பிறப்பும் குடும்பப் பெயரும் பரம்பரைச் சொத்தும் உள்ளவர்களே முந்துவார்கள். அப்போது தேர்வாகிறவர்கள் வசதி பெற்றவர்கள்தான், திறமையுள்ளவர்கள் என்று சொல்ல முடியாது என்பது அவர் வாதம். இன்னொன்றும் சொல்கிறார்: பெருந்திரளான மக்களை ஒவ்வொருவராக நிறுத்துப் பார்த்துத் தரம் பிரிக்க ஆட்சி செய்பவருக்கு நேரமும் கிடையாது, அதற்கான அறிவும் கிடையாது. ஆகவே எல்லோரையும் சமமாக நடத்துவதே நடைமுறைக்கு ஏற்ற விதி.

நுண்ணறிவுச் சோதனைக்காக வாதாடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் குறுக்கே வருகிறார்கள். “மனிதரைத் தரம் பிரிக்கும் தராசு எங்களிடம் இருக்கிறது” என்கிறார்கள். அந்தத் தராசு சிலவற்றை ஓரளவு நன்றாகவே நிறுக்கிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அண்ணல் சொன்ன மூன்றையும் அதனால் பிரித்து நிறுக்க முடியாது. மூன்றும் கலந்த ஒரே எண்ணைத்தான் அது தருகிறது. அந்த எண்ணை எடுத்து, இது முழுக்க முதலாவது, அதாவது பிறப்பு என்று சொல்லும்போதுதான் அநீதி தொடங்குகிறது. இன்று நான் விளக்க விரும்புவது இவ்வளவுதான்.

பினே செய்ததும் பிறர் செய்ததும்

1904இல் பிரான்சின் கல்வி அமைச்சகம் ஒரு குழு அமைத்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயக் கல்வி வந்துவிட்டது. வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளை எப்படி அடையாளம் காண்பது, அவர்களுக்கு எப்படித் தனி உதவி செய்வது என்பதே கேள்வி. அதுவரை ஆசிரியரின் எரிச்சலும் மருத்துவரின் ஊகமும் அதை முடிவு செய்துகொண்டிருந்தன. அதற்கு மாற்றாக ஆல்ஃபிரட் பினே, தியோடர் சிமோன் இருவரும் 1905இல் 30 சிறு பணிகள் கொண்ட ஒரு சோதனையை உருவாக்கினார்கள். படத்திலுள்ள பொருளைப் பெயர் சொல்வது, எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது, இரண்டு கோடுகளில் நீளமானதைக் காட்டுவது போன்றவை அவை. 1908இல் செய்த திருத்தத்தில் ‘மன வயது’ என்ற கருத்து வந்தது.

பினே இதைப் பிறவி அறிவை அளக்கும் கருவியாக நினைக்கவில்லை. ஒருவரின் அறிவு மாறாத ஓர் அளவு, அதைக் கூட்ட முடியாது என்று சொன்னவர்களை அவர் 1909இல் வெளியிட்ட நூலில் வெளிப்படையாகக் கண்டித்தார். பின்தங்கிய பிள்ளைகளின் கவனத்தையும் நினைவையும் வளர்க்கப் பயிற்சிகளையும் வகுத்தார். 1911இல் அவர் இறந்துபோனார். கருவி அட்லாண்டிக் கடலைத் தாண்டியது. எச்சரிக்கை பாரிசிலேயே தங்கிவிட்டது.

அமெரிக்காவில் ஹென்றி காடர்ட் அதை மொழிபெயர்த்தார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன் 1916இல் விரிவுபடுத்தினார். பின்தங்கிய பிள்ளைக்குக் கைகொடுக்க வந்த சோதனை, யார் பெருகலாம், யார் பெருகக் கூடாது என்று தீர்மானிக்கும் சோதனையானது. மெக்சிகோ வழியினர், அமெரிக்கப் பழங்குடியினர், கறுப்பர் ஆகியோரின் மந்தம் இனத்தோடு பிறந்தது என்றும், அவர்களின் பிள்ளைகளைத் தனி வகுப்பில் பிரித்து வைக்க வேண்டும் என்றும் டெர்மன் அந்த 1916 நூலிலேயே எழுதினார். வருணப் பிரிவினையைப் படித்து வளர்ந்த நமக்கு இந்த வாசகம் புதிதாக இராது.

இதற்கு இரையானவர்களில் ஒருவர் கேரி பக் என்ற ஏழை வெள்ளைப் பெண். அவர் வளர்ந்த வீட்டு உறவினர் ஒருவர் அவரை வல்லுறவுக்கு உள்ளாக்கினார். கருவுற்ற கேரியை, அவமானத்தை மறைக்க, வர்ஜீனியா மாநிலக் காப்பகத்தில் சேர்த்துவிட்டார்கள். பினே சோதனையின்படி அவருக்கு மன வயது ஒன்பது என்றார்கள். அவருடைய தாய்க்கு எட்டுக்கும் குறைவு என்றார்கள். ஏழு மாதக் கைக்குழந்தை விவியனை ஒரு சமூகப் பணியாளர் பார்த்துவிட்டு, ஏதோ சரியில்லை என்று சாட்சி சொன்னார். மூன்று தலைமுறையும் ‘மந்தம்’ என்று தீர்ந்தது. 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற கணக்கில் கேரிக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய அனுமதித்தது. அந்நாட்டில் இத்தகைய சட்டங்களால் கருத்தடை செய்யப்பட்டோர் 60,000க்கும் மேற்பட்டோர். அந்தக் கைக்குழந்தை விவியன் வளர்ந்து பள்ளிக்குப் போனாள். 1931இல் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அடுத்த ஆண்டு நோயில் இறந்துபோனாள். அவளுக்கு எட்டு வயது.

நம்பகத்தன்மை என்றால் என்ன?

கல்வியியல் படிக்கும் மாணவர்கள் நம்பகத்தன்மை, ஏற்புடைமை என்ற இரண்டு சொற்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்பீர்கள். இரண்டும் வேறு வேறு. இவற்றைக் குழப்புவதில்தான் பல ஏமாற்றுகள் நடக்கின்றன.

ரேஷன் கடைத் தராசை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அரிசி மூட்டையைப் பத்து முறை வைத்தாலும் அது ஒரே எடையைக் காட்டினால் அது நம்பகமான தராசு. ஆனால் பத்து முறையும் 200 கிராம் கூட்டியே காட்டினால்? அப்போதும் அது நம்பகமானதுதான், சரியானது இல்லை. திரும்பத் திரும்ப ஒரே விடை தருவது நம்பகத்தன்மை. எதை அளப்பதாகச் சொல்கிறோமோ அதையே அளப்பது ஏற்புடைமை.

நன்கு உருவாக்கப்பட்ட நுண்ணறிவுச் சோதனைகளின் நம்பகத்தன்மை உண்மையிலேயே உயர்ந்தது. முழு நம்பகத்தன்மையை 1 என்று வைத்தால் இவை 0.90க்கு மேல், சில 0.95 வரை எட்டுகின்றன. உளவியலில் இவ்வளவு நிலையான கருவிகள் மிகக் குறைவு. இதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் 0.95 என்பதற்கு நடைமுறையில் என்ன பொருள்? இன்றைய சோதனைகளில் சராசரி 100, திட்ட விலக்கம் 15 என்று வைத்திருக்கிறார்கள். இந்த அளவில் 0.95 நம்பகத்தன்மைக்கு அளவீட்டுத் திட்டப் பிழை 3 புள்ளிகளுக்குச் சற்று அதிகம். ஆகவே ஒரு குழந்தை 68 பெற்றால், நூற்றுக்கு 95 தடவை உறுதியோடு சொல்லக்கூடியது, அவளுடைய ‘உண்மை’ மதிப்பெண் ஏறத்தாழ 61க்கும் 75க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்பதுதான். 69 பெற்றவருக்கும் 71 பெற்றவருக்கும் வேறுபாடு உண்டென்று கணக்கின்படியே சொல்ல முடியாது. தேர்ந்த சோதனையாளர், பிள்ளைக்கு நன்கு தெரிந்த மொழி, சத்தமில்லாத அறை, பசியில்லாத வயிறு எல்லாம் அமைந்திருக்கும்போது உள்ள பிழை இது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் பிழை கூடும்.

இந்த ஆறேழு புள்ளிகள் உயிர் சம்பந்தப்பட்டவை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002இல், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மரண தண்டனை விதிக்கக் கூடாது என்றது. ஃபுளோரிடா மாநிலம் ஒரு கோடு போட்டது: மதிப்பெண் 70க்கு மேல் இருந்தால் வேறு எந்தச் சான்றையும் பார்க்க மாட்டோம். ஃபிரெடி லீ ஹால் என்ற கறுப்பினக் கைதி பல ஆண்டுகளில் பெற்ற மதிப்பெண்களில் நீதிமன்றம் கணக்கில் கொண்டவை 71 முதல் 80 வரை. ஒரு புள்ளி வித்தியாசத்தில் அவர் சாக வேண்டும் என்றது மாநிலம். 2014இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் அந்தக் கோட்டை ரத்து செய்தது. மதிப்பெண்ணை ஒற்றை எண்ணாகப் பார்க்கக் கூடாது, ஒரு வீச்சாகப் பார்க்க வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். சோதனையை உருவாக்கியவர்களே சொல்லிவந்த ஒன்றை ஒரு மாநில அரசு காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நம் நாட்டிலும் அறிவுசார் குறைபாட்டை மதிப்பிடும்போது இத்தகைய சோதனைகள் பயன்படுகின்றன. 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, இடஒதுக்கீடு உள்ளிட்ட பல உரிமைகளைப் பெற 40 விழுக்காடு ஊனம் என்று சான்று வேண்டும். கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கும் பிள்ளைகளுக்காக மருத்துவமனை வாசலில் நிற்கும் தோழர்கள் இந்த ஆறேழு புள்ளிகளை மறக்கக் கூடாது.

அது எதை அளக்கிறது?

ஏற்புடைமைக்கு வருவோம். நுண்ணறிவு மதிப்பெண்ணுக்கும் பள்ளி மதிப்பெண்ணுக்கும் உள்ள ஒட்டுறவு சுமார் 0.5. இது சிறிய உறவு இல்லை. ஆனால் 0.5ஐ 0.5ஆல் பெருக்கினால் 0.25. பிள்ளைகளின் பள்ளி மதிப்பெண்களில் காணும் வேறுபாட்டில் கால் பங்கை மட்டுமே இந்த எண் விளக்குகிறது. மீதி முக்கால் பங்கு வேறு காரணங்களில் இருக்கிறது.

அந்தக் கால் பங்கிலும் எது ‘சரியான விடை’ என்பதை முடிவு செய்தவர் யார்? முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் 17 லட்சம் பேரைச் சோதித்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஆல்ஃபா, தெரியாதவர்களுக்குப் படங்களால் ஆன பீட்டா. ஆல்ஃபாவில் ஒரு கேள்வி: கிரிஸ்கோ என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப் பொருளா? கிரிஸ்கோ என்பது அங்கே கடையில் விற்ற ஒரு சமையல் கொழுப்பின் பெயர். பீட்டாவில் வலையில்லாத டென்னிஸ் மைதானத்தின் படத்தைக் காட்டி, எது விடுபட்டது என்று கேட்டார்கள். டென்னிஸ் ஆடாத விவசாயக் கூலிக்கு அறிவில்லை என்று முடிவாயிற்று. இந்தத் தரவை வைத்துத்தான் கார்ல் பிரிகாம் 1923இல் வட ஐரோப்பியரே அறிவில் உயர்ந்தவர் என்று நூல் எழுதினார். 1930இல் தன் நூலுக்கு அடிப்படையில்லை என்று அவரே எழுதிப் பின்வாங்கினார். இடையில் 1924இல், தென் ஐரோப்பியருக்கும் கிழக்கு ஐரோப்பியருக்கும் கதவைச் சாத்திய குடியேற்றச் சட்டம் வந்துவிட்டது.

இதைவிட நுட்பமான சான்று ஒன்று மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவிலிருந்து வந்தது. க்பெல்லே என்ற உழவர் சமூகத்தினரிடம் உணவு, கருவி, பாத்திரம், உடை என நான்கு வகைப் பொருள்களைக் கலந்து கொடுத்து, சேர வேண்டியவற்றைச் சேர்க்கச் சொன்னார்கள். ஆய்வாளர்கள் எதிர்பார்த்தது வகைவாரியான அடுக்கு. அவர்களோ கத்தியை ஆரஞ்சுப் பழத்தோடு வைத்தார்கள். கத்தி பழத்தை நறுக்கும் அல்லவா? அறிவுள்ளவர் இப்படித்தான் அடுக்குவார் என்றும் சொன்னார்கள். கடைசியில் ஆய்வாளர், “ஒரு முட்டாள் எப்படி அடுக்குவான்?” என்று கேட்டார். உடனே உணவு ஒரு பக்கம், கருவி ஒரு பக்கம் என்று, சோதனை ‘சரி’ என்று சொல்லும் விதத்தில் அடுக்கிக் காட்டினார்கள். அவர்களுக்கு அந்தத் திறன் இருந்தது. அதை அறிவென்று அவர்கள் மதிக்கவில்லை, அவ்வளவுதான். சோதனைத் தாளில் அவர்கள் தோற்றிருப்பார்கள்.

“இவை பழைய கதைகள். இப்போது மொழியும் பண்பாடும் தேவைப்படாத சோதனைகள் உண்டு” என்பார்கள். வடிவங்களை மட்டும் வைத்து 1938இல் வந்த ரேவன் சோதனை அப்படிப்பட்டது என்று சொல்லப்பட்டது. நியூசிலாந்தில் பணியாற்றிய ஜேம்ஸ் ஃபிளின் 1980களில் பல நாடுகளின் பழைய மதிப்பெண்களை எடுத்து ஒப்பிட்டார். ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையைவிடக் கூடுதலாகப் பெற்றிருந்தது, பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 புள்ளி. மிக அதிகமாக உயர்ந்தது எது தெரியுமா? பண்பாடு தொடாதது எனப்பட்ட அந்த ரேவன் வகைச் சோதனைகளின் மதிப்பெண். நெதர்லாந்து ராணுவத்தில் சேர வந்த இளைஞர்களின் மதிப்பெண் 30 ஆண்டுகளில் 20 புள்ளி ஏறியிருந்தது. 30 ஆண்டில் ஒரு நாட்டின் மரபணு மாறிவிடாது. மாறியவை பள்ளி, உணவு, குடும்பத்தின் அளவு, அன்றாட வாழ்வு கேட்கும் சிந்தனை முறை.

பிறப்பா?

“நுண்ணறிவு பெரும்பாலும் மரபுவழி வருவது என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றனவே?” மாணவர்களிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. ஒரு குழுவுக்குள் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் மரபுக்குக் கணிசமான பங்குண்டு என்று அந்த ஆய்வுகள் சொல்வது உண்மைதான். ஆனால் அதிலிருந்து இரண்டு குழுக்களுக்கு இடையிலுள்ள வேறுபாட்டுக்குத் தாவ முடியாது. மரபியலாளர் ரிச்சர்ட் லெவோன்டின் 1970இல் விதைகளை வைத்து இதை விளக்கினார். நம் மண்ணில் வைத்துச் சொல்கிறேன்.

ஒரே மூட்டை விதைநெல்லை இரண்டாகப் பிரியுங்கள். பாதியைத் தலைமடையில், தண்ணீரும் உரமும் தாராளமாகக் கிடைக்கும் வயலில் விதையுங்கள். மறு பாதியைத் தண்ணீர் எட்டாத கடைமடையில் விதையுங்கள். ஒவ்வொரு வயலுக்குள்ளும் எல்லா நாற்றுக்கும் ஒரே மண், ஒரே தண்ணீர். ஆகவே ஒரு வயலுக்குள் ஒரு பயிர் உயர்ந்தும் ஒன்று குட்டையாகவும் இருந்தால் அது விதையின் வேறுபாடு. ஆனால் தலைமடைப் பயிர் முழுவதும் உயர்ந்தும் கடைமடைப் பயிர் முழுவதும் வாடியும் இருந்தால் அதற்கு விதை காரணமா, தண்ணீர் காரணமா? விதை ஒரே மூட்டையிலிருந்து வந்தது. வயலுக்குள் மரபு ‘நூறு விழுக்காடு’, வயல்களுக்கு இடையில் மரபு ‘சுழியம்’. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

தண்ணீர் பாய்ச்சினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2018இல் 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைத் தொகுத்த ஓர் ஆய்வு, கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டும் நுண்ணறிவு மதிப்பெண்ணை 1 முதல் 5 புள்ளி வரை உயர்த்துகிறது என்று கண்டது. பிரான்சில் புறக்கணிக்கப்பட்டு வளர்ந்த சில குழந்தைகளை 4 முதல் 6 வயதுக்குள் தத்துக் கொடுத்தார்கள். அதற்கு முன் அவர்கள் எல்லோரும் 86க்குக் கீழே பெற்றவர்கள். பதின்ம வயதில் மீண்டும் சோதித்தபோது, ஏழை வீடுகளுக்குப் போனவர்கள் சராசரியாக 8 புள்ளியும், வசதியான வீடுகளுக்குப் போனவர்கள் 19 புள்ளிக்கு மேலும் உயர்ந்திருந்தார்கள். அமெரிக்காவில் கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் இடையிலான இடைவெளி 1972க்கும் 2002க்கும் இடையில் சில புள்ளிகள் குறைந்ததாக டிக்கன்ஸ், ஃபிளின் இருவரும் கணக்கிட்டுக் காட்டினார்கள். பிறப்போடு வந்து நிலைத்துவிட்டது என்று சொல்லப்பட்ட எண் இவ்வளவு நகர்கிறது.

சாதியின் கண் முன்னால்

இந்தியாவுக்கு இந்தச் சோதனை வந்தபோது என்ன நடந்தது? லாகூர் ஃபோர்மன் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய சி.ஹெர்பர்ட் ரைஸ் 1920களில் பினே சோதனையை இந்துஸ்தானியில் தழுவினார். 1929இல் வந்த அவருடைய நூலின் துணைத்தலைப்பு, பஞ்சாபின் சில சாதிக் குழுக்களின் நுண்ணறிவை ஒப்பிடுவதாக அறிவிக்கிறது. கருவி இந்திய மண்ணில் இறங்கியதும் கேட்கப்பட்ட முதல் கேள்விகளில் ஒன்று, எந்தச் சாதிக்கு அறிவு அதிகம் என்பது. சாதி கேட்கச் சொன்ன கேள்வி அது.

இதே கேள்வியைத் தலைகீழாக்கி, சாதியை அறிவிப்பது அறிவுச் செயல்பாட்டை என்ன செய்கிறது என்று கேட்டவர்கள் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே. உத்தரப்பிரதேசக் கிராமங்களில், ‘மேல்’ சாதிச் சிறுவர் 321 பேர், தலித் சிறுவர் 321 பேர் கலந்துகொண்ட அவர்களின் ஆய்வு 2004இல் வெளிவந்தது. பணி எளியது: தாளில் வரைந்த புதிர்ப்பாதைகளில் வழி கண்டுபிடிக்க வேண்டும், தீர்ப்பதற்குப் பணம் உண்டு. சாதி அறிவிக்கப்படாதபோது இரு தரப்பும் சமமாகத் தீர்த்தார்கள். பிறகு வேறு குழுக்களில், ஒவ்வொரு சிறுவனின் பெயரோடு சாதியையும் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டுப் புதிர்களைக் கொடுத்தார்கள். தலித் சிறுவர்களின் எண்ணிக்கை சரிந்து பெரிய இடைவெளி விழுந்தது.

இன்னும் ஒரு படி இருக்கிறது. பரிசு யாருக்கு என்பதை மனிதர் முடிவு செய்ய மாட்டார், குலுக்கல் முடிவு செய்யும் என்றபோது அந்த இடைவெளி மறைந்தது. அந்தச் சிறுவர்கள் தங்கள் அறிவைப் பற்றித் தாழ்வாக நினைத்ததால் சரியவில்லை, தீர்ப்பளிப்பவர் நியாயமாக நடக்க மாட்டார் என்று எதிர்பார்த்ததால் சரிந்திருக்கிறார்கள் என்றே இதற்குப் பொருள் கொள்ளத் தோன்றுகிறது. அந்த எதிர்பார்ப்பு அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை. ஒத்த சிறுவர்கள், அதே புதிர்கள். சாதிப் பெயர் உரக்க ஒலித்ததா இல்லையா என்பது மட்டுமே வேறுபாடு. நம் வகுப்பறைகளில் உதவித்தொகைக்காகப் பெயர் வாசிக்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள்.

எதிர்த்து எழுதியவர்கள்

ஒடுக்கப்பட்டவர்கள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஹொரஸ் மான் பாண்ட் என்ற கறுப்பின அறிஞர் 1924இல், இருபது வயதைத் தொடும் இளைஞராக இருந்தபோதே, டுபாய்ஸ் நடத்திய ‘தி கிரைசிஸ்’ இதழில் இந்தச் சோதனைகள் பிரச்சாரமாகிவிட்டதைக் கண்டித்து எழுதினார். ராணுவத்தின் தரவையே எடுத்து அவரும் மற்றவர்களும் திருப்பி அடித்தார்கள். இல்லினாய், நியூயார்க், ஒஹையோ போன்ற வட மாநிலக் கறுப்பர்களின் சராசரி, மிசிசிப்பி, ஆர்கன்சா போன்ற தென் மாநில வெள்ளையர்களின் சராசரியைவிட அதிகம். பள்ளிக்குச் செலவழித்த மாநிலத்தில் மதிப்பெண் ஏறியிருந்தது. தோலின் நிறத்தைவிடப் பள்ளிக்கூடமே அந்த எண்ணில் அதிகம் தெரிந்தது.

கலிஃபோர்னியாவில் 1971இல் சில கறுப்பினப் பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். 75க்குக் கீழே மதிப்பெண் பெற்றதாகச் சொல்லி அவர்களின் பிள்ளைகளை ‘மந்த’ வகுப்புகளில் தள்ளியிருந்தார்கள். மாநில மாணவர்களில் பத்தில் ஒரு பங்கினரான கறுப்பினப் பிள்ளைகள், அந்த வகுப்புகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இருந்தார்கள். கறுப்பின உளவியலாளர்கள் அதே பிள்ளைகளோடு பழகி, கேள்விகளைப் பிள்ளைகளுக்குப் புரியும் பேச்சில் கேட்டு மீண்டும் சோதித்தார்கள். எல்லோரும் 75ஐத் தாண்டினார்கள். 1979இல் நீதிபதி ராபர்ட் பெக்கம் அந்த முறையைத் தடை செய்தார்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆர்தர் ஜென்சன் 1980இல் இப்படி வாதிட்டார்: சோதனை கறுப்பருக்கு எதிராகச் சாய்ந்திருந்தால் அது அவர்களின் பள்ளி வெற்றியைத் தவறாகக் கணித்திருக்க வேண்டும். அப்படி இல்லை, இரு தரப்புக்கும் ஏறத்தாழ ஒரேபோலக் கணிக்கிறது, ஆகவே சாய்வு இல்லை. இந்தத் தரவை மறுப்பது எளிதில்லை. ஆனால் பள்ளியும் அதே சமூகத்தின் பள்ளிதான். கோணிய கோலால் அளந்து, கோணிய சுவரோடு ஒப்பிட்டால் இரண்டும் பொருந்தத்தான் செய்யும். கணிப்பு சரியாக இருப்பது ஏற்றத்தாழ்வு தொடர்கிறது என்பதற்குச் சான்று. அந்த ஏற்றத்தாழ்வு நியாயமானது என்பதற்கு அது சான்றாகாது.

அப்படியானால் தூக்கி எறியலாமா?

கூடாது என்பது என் கருத்து. ஹெர்பர்ட் நீடில்மன் என்ற மருத்துவரின் வேலையே என் காரணம். அவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இரண்டு ஊர்களின் பள்ளிப் பிள்ளைகளிடமிருந்து விழுந்த பால் பற்களைச் சேகரித்தார். அவற்றில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று அளந்தார். 1979இல் முடிவை வெளியிட்டார்: பல்லில் ஈயம் அதிகமுள்ள பிள்ளைகளின் நுண்ணறிவு மதிப்பெண் குறைந்திருந்தது. பெட்ரோலிலும் சுவர்ப் பூச்சிலும் கலந்திருந்த ஈயம் பிள்ளைகளின் மூளைக்குள் போய்க்கொண்டிருந்தது. இது போன்ற ஆய்வுகளால் உலகெங்கும் ஈயப் பெட்ரோல் ஒழிந்தது. இந்தியாவில் 2000இல் நிறுத்தப்பட்டது.

அதே சோதனைதான், அதே எண்தான். டெர்மன் அதைப் பிள்ளையின் இனத்தின் மேல் வைத்துப் படித்தார். நீடில்மன் பிள்ளை சுவாசித்த காற்றின் மேல் வைத்துப் படித்தார். குப்பைக் கிடங்கின் ஓரத்திலும், பழைய பேட்டரியை உருக்கும் பட்டறையின் பக்கத்திலும், அயோடினும் இரும்புச் சத்தும் எட்டாத வீட்டிலும் வளரும் பிள்ளைகளுக்கு நேரும் இழப்பை நிரூபிக்க நமக்கு அளவுகோல் தேவை. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்குச் சட்டம் தரும் உதவியைப் பெற்றுத் தரவும் தேவை. அளவுகோலை உடைத்துவிட்டால் அந்த இழப்பு யார் கண்ணிலும் படாது.

ஆகவே ஒரு மதிப்பெண்ணைக் கையில் வாங்கும்போது தோழர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. சோதனை பிள்ளையின் வீட்டு மொழியில் நடந்ததா? அந்தச் சோதனையைத் தரப்படுத்தியபோது இந்தப் பிள்ளையைப் போன்றவர்களைச் சேர்த்தார்களா, எத்தனை ஆண்டுக்கு முன் சேர்த்தார்கள்? அறிக்கையில் ஒற்றை எண் மட்டும் இருக்கிறதா, பிழையின் வீச்சும் இருக்கிறதா? காது கேட்கிறதா, கண் தெரிகிறதா என்று முதலில் பார்த்தார்களா? அன்றாட வாழ்வில் பிள்ளை என்னென்ன தானாகச் செய்கிறாள் என்று வீட்டாரிடம் கேட்டார்களா? கடைசியாக, இந்த எண் வந்த பிறகு பிள்ளைக்குக் கூடுதலாக என்ன கிடைக்கப்போகிறது? ஒன்றும் கிடைக்காது, ஒரு பெயர் மட்டும் ஒட்டும் என்றால், அந்தச் சோதனையை வேண்டாம் என்று சொல்லும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

ஒரு தனிப் பிள்ளையிடம் கேட்க வேண்டியவை இவை. ஒரு சமூகத்தைப் பற்றி யாராவது சராசரி எண்ணைக் காட்டினால் ஒரே கேள்வி போதும். அண்ணல் சொன்ன மூன்றில், இந்த எண்ணில் எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டுங்கள் எனக் கேளுங்கள். நூறாண்டுக்கு மேலாக எவராலும் அதைப் பிரிக்க முடியவில்லை. சமூகவழிச் சொத்தை எல்லோருக்கும் சமமாகக் கொடுத்துவிட்டு, ஒரு தலைமுறை பொறுத்திருந்து அளந்தால் ஒருவேளை பிரிக்கலாம். அந்தச் சோதனையை எந்த நாடும் இன்னும் நடத்திப் பார்க்கவில்லை. அதை நடத்தச் சொல்லிக் கேட்பதற்குத்தான் நாம் கூடுகிறோம்.

ஜெய்பீம்.